வடித்த கீரையும் டின் தக்காளியும்

என் கணவருடைய அண்ணன் மனைவியை நேரில் நான் அக்கா என்று கூப்பிடுகிறேன். வாங்க, போங்க என்றுதான் பேசுகிறேன். ஆனால் இதில் ‘அவள்’ என்றே எழுதப் போகிறேன். பன்னிரண்டு வருஷமாக நெஞ்சுக்குள் அவளை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழுத்திலாவது அந்த உரிமையை எடுத்துக்கொள்கிறேன்.

எங்கள் வீடு வலங்கைமானுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையை ஒட்டி இருக்கிறது. நெல்தான் பிழைப்பு. என் கணவர் வயலைப் பார்த்துக்கொண்டார். அவருடைய அண்ணன் லண்டனில் ஒரு ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. எங்களுக்கு ஒரே பெண். பொங்கலுக்குப் பொங்கல் அவர்கள் இருவரும் ஊருக்கு வருவார்கள். மற்ற வீட்டு வெளிநாட்டுக்காரர்கள் பெட்டியில் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டு வருவார்கள். இவள் தக்காளி கொண்டு வருவாள். தோலை உரித்து அதன் சாற்றிலேயே போட்டு அடைத்த டின் தக்காளி. ஊர்த் தக்காளியில் மருந்து அடிக்கிறார்களாம், அவள் வயிற்றுக்கு ஆகாதாம். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்து வளர்ந்த வயிறுதான் அது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்திய மார்கழியில், ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டு வரிசையில் மயங்கி விழுந்தாள். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஹீமோகுளோபின் எட்டரை என்று வந்தது. இந்த வயசுப் பெண்ணுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டும் என்றார்கள். அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக இருந்தது. நான் பயந்துபோய் தினமும் கீரை சமைக்க ஆரம்பித்தேன். ஒரு நாள் அரைக்கீரை, மறுநாள் முளைக்கீரை, அதற்கு அடுத்த நாள் முருங்கை. கொல்லையில் எது கிடைத்தாலும் அது அன்று சட்டிக்குள் போய்விடும்.

இந்த இடத்தில் என் தப்பைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சோறு வடிக்கிற ஊர்க்காரர்கள். பெரிய பானையில் தளும்பத் தளும்பத் தண்ணீர் வைத்து, அரிசி வெந்ததும் கஞ்சியை வடித்து, அதைக் கொல்லையில் இருக்கிற கழுநீர்த் தொட்டியில் மாட்டுக்கு ஊற்றுவோம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலையிலும் மதியத்திலும் அதைச் செய்து செய்து என் கை அதற்கே பழகிவிட்டது. கீரையையும் அப்படித்தான் செய்தேன். படுகை மண்ணும் பூச்சியும் போகட்டும் என்று நிறையத் தண்ணீரில் வேக வைத்து, வடித்து, பச்சைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, சக்கையைக் கடைந்து மகளுக்குப் போட்டேன். அது தப்பு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. முதலில் சொன்னவள் அவள்தான். அவள் சொன்ன விதம்தான் இன்றுவரை என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

காணும் பொங்கலன்று வீடு நிறைய உறவுக்காரர்கள். கூடத்தில் இலை போட்டாகிவிட்டது. அவள் கை கழுவக் கொல்லைப் பக்கம் வந்தவள், நான் கீரை வடித்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராகக் கூடத்துக்குப் போய், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

“புள்ள ஏன் வெளுத்துப்போய்க் கெடக்குதுன்னு இப்பத்தாங்க தெரியுது. கீரைய வேக வச்சு, சத்தெல்லாம் வடிச்சு, மாட்டுக்கு ஊத்துறா. போய் மாட்டப் பாருங்க, எப்படிக் கொழுகொழுன்னு நிக்குதுன்னு!”

எல்லாரும் சிரித்தார்கள். சாம்பார் வாளியோடு நான் சமையலறை வாசற்படியில் நின்றேன். என் மகள் குனிந்துகொண்டாள். என் கணவரும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை நான் மன்னித்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளலாம். இவர் சிரித்ததை மன்னிக்கவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் போகிறது. கிளம்புகிற அன்று, என் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

“பங்குனி வரைக்கும் பாப்பேன். அப்பவும் ரத்தம் ஏறலன்னா இவளச் சென்னைக்குக் குடிபோயிட்ட எங்கம்மா வீட்டுல விட்டுடுங்க. நல்ல ஸ்கூலு, நல்ல சாப்பாடு. செலவெல்லாம் நாங்க பாத்துக்கறோம். பெரியம்மான்னா நானும் அம்மாதானே?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், “அண்ணி சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு” என்றார். அவ்வளவுதான். என் வயிற்றில் பிறந்த பெண் என்னோடு இருப்பாளா மாட்டாளா என்பது, மூன்று மாசத்தில் ஒரு சொட்டு ரத்தத்தில் முடிவாகப் போகிறது என்று ஆகிவிட்டது. போகும்போது, தான் கொண்டு வந்ததில் மீந்த பன்னிரண்டு டின்களைச் சமையலறை அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, “இதையாச்சும் புள்ளைக்குக் குடு” என்றாள். அந்த ‘ஆச்சும்’ ஒன்று போதாதா?

அவர்கள் கார் தெரு திரும்புவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன். கீரைதான் உசத்தி, டின் தக்காளி குப்பை என்று நிரூபித்து, அதை அவள் முகத்தில் எறிய வேண்டும். முதல் வேலையாக ஒரு டின்னை எடுத்து, அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தேன். சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு, புரதம் இவ்வளவு என்று போட்டிருந்தது. இரும்பு என்ற வரியே இல்லை. எனக்கு ஒரே கும்மாளம். டின்னைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, புதன்கிழமை எங்கள் ஊருக்கு வருகிற நர்ஸிடம் போனேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வளவளவென்று பேச மாட்டாள்.

“இதுல இரும்பே கெடையாது, பாத்தீங்களா?” என்றேன்.

“எழுதலன்னா இல்லன்னு அர்த்தம் இல்லக்கா. கொஞ்சம் இருக்கும். ஆனா கீரைல இதவிட நெறைய இருக்கு.”

“அப்ப கீரைதான் ஒசத்தி!”

“அவசரப்படாதீங்க. கீரைல இருக்குற இரும்பு லேசுல ஒடம்புல ஒட்டாது. நூறு பங்கு தின்னா ஏதோ கொஞ்சந்தான் ஒட்டும். புளிப்பா ஏதாவது சேத்தா நல்லா ஒட்டும். எலுமிச்சம்பழம், நெல்லிக்கா, தக்காளி. டின்னுல அடைக்கறப்ப சூட்டுல வைட்டமின் சி கொஞ்சம் போயிரும், ஆனா மொத்தமும் போவாது. அந்தச் செவப்புச் சாயம் இருக்கு பாருங்க, அது வெந்தாத்தான் ஒடம்புக்கு நல்லா சேரும். உப்பு மட்டும் பாத்துக்குங்க.”

“கீரைய வடிச்சா?”

“வடிச்சா வைட்டமின் சி போயிரும், போலிக் ஆசிட் பாதி போயிரும். இரும்பு எலையிலயேதான் நிக்கும், பயப்படாதீங்க. கண்ணுக்கு நல்லதும் எலையிலதான் நிக்குது. ஆனா எதுக்கு வடிக்கணும்? மண்ணுக்குன்னா நாலு தடவ அலசுங்க. அப்புறம், புள்ளைக்குச் சாப்ட்டதும் காப்பி குடுக்குறீங்களா?”

கொடுத்தேன். நாங்கள் கும்பகோணத்துக் காப்பித்தூள் வாங்குகிறவர்கள். பால் குடிக்கிற பிள்ளையைத் தவிர வீட்டில் எல்லாருக்கும் சாப்பாட்டுக்கு மேல் காப்பி உண்டு. அதுதான் இரும்பை உடம்பில் ஒட்ட விடாமல் செய்கிறது என்றாள் நர்ஸ். இரும்பு மாத்திரையும் பூச்சி மாத்திரையும் கொடுத்தாள். “ரெண்டுக்கும் வேற வேற வேலைக்கா. ஒண்ணோட ஒண்ண ஏன் சண்டைக்கு விடுறீங்க?” என்று வேறு கேட்டாள்.

ஏன் விடுகிறேன் என்று நர்ஸிடம் சொல்ல முடியுமா? எனக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. வெற்றி வேண்டியிருந்தது. ஆனால் பெண்ணும் வேண்டும். அதனால் அன்றிரவே ஒரு காரியம் செய்யத் துணிந்தேன். அவள் ஆயுதத்தை எடுத்தே அவளை அடிப்பது.

மறுநாளிலிருந்து கீரையை நாலு தண்ணீரில் அலசினேன். வடிக்கவில்லை. கையளவு தண்ணீரில் வேக வைத்து, அலமாரியிலிருந்து டின் தக்காளி இரண்டு கரண்டி போட்டுக் கடைந்தேன். உப்பைக் குறைத்தேன். வளையத்தைப் பிடித்து இழுத்துத் திறக்கிற மூடி என் ஆள்காட்டி விரலை ஒரு நாள் ஆழமாக வெட்டிவிட்டது. அதையும் அவள் கணக்கில்தான் சேர்த்தேன். காலி டின்களை யாரும் பார்க்காத நேரத்தில் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வாழையடியில் புதைத்தேன்.

“என்னம்மா, கீரை செவப்பா இருக்கு?” என்று மகள் கேட்டாள்.

“செவப்புத் தண்டுக்கீரை. பேசாம சாப்பிடு” என்றேன்.

காப்பியை நிறுத்தியதற்கு ஒரு வாரம் அழுதாள். நான் இளகவில்லை. மாத்திரையை அவள் முழுங்கி, வாயைத் திறந்து காட்டிய பிறகுதான் பள்ளிக்கூடப் பையை எடுத்துக் கொடுப்பேன். அந்த மூன்று மாசமும் அவள் கண் இமையை நான் இழுத்து இழுத்துப் பார்த்ததில், என்னைக் கண்டாலே ஓட ஆரம்பித்துவிட்டாள்.

பங்குனியில் பதினொன்று வந்தது. பன்னிரண்டு இல்லை, ஆனால் பதினொன்று. நர்ஸ், “மாத்திரை நல்லா வேல செஞ்சிருக்கு” என்றாள். எனக்கு அது காதில் விழவில்லை. விழாமல் பார்த்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் லண்டனிலிருந்து போன் வந்தது. என் கணவர் விஷயத்தைச் சொல்லிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

“பரவால்லியே. என் டின்னெல்லாம் தீந்துச்சா?” என்று கேட்டாள். குரலில் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. நல்லா ஞாபகம் இருக்கிறது.

“தொடவே இல்லக்கா. உப்பிப் போயிருந்துச்சு, எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டேன். வெறும் கீரைதான்.”

 “சரி. புள்ள நல்லாருந்தா சரி” என்றாள். நான் போனை வைத்துவிட்டு, சேமியா பாயசம் செய்தேன்.

பெண் என்னோடேயே இருந்தாள். இங்கேயே படித்தாள். சென்னைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ஆனால் அந்தக் கூடத்துச் சிரிப்பு மட்டும் எனக்குள் தீரவில்லை. கிடைத்த இடத்திலெல்லாம் அவளைக் குத்தினேன். ஒரு தடவை மாமியார் திதிக்கு வந்திருந்தவள், ரசத்துக்கு இரண்டு டின்னை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள். “திதிக்குச் சீமைக் காய் ஆகாதுக்கா. தக்காளிய எடுத்துட்டு வெளிய போயிடுங்க” என்றேன், ஐயர் காதில் விழுகிற மாதிரி. திதிச் சமையலில் தக்காளி சேர்ப்பதில்லை என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கு மறந்துபோயிருந்தது. முகம் சுண்டிப்போய்த் திரும்பினாள். அந்த வாரம் முழுக்க எனக்கு நல்ல தூக்கம்.

பிறகு அவர்கள் லண்டனை விட்டு ஒரேயடியாகத் திரும்பி வந்து, எங்கள் வீட்டு மாடியில் குடியேறினார்கள். போன வருஷம் அவளுக்குக் கால் வீங்கியது. தஞ்சாவூரில் காட்டினார்கள். சிறுநீரகம் பாதி வேலை செய்யவில்லை என்றார் டாக்டர். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கிறது, ஏறினால் இதயமே நின்றுவிடும் என்று எச்சரித்தார். கூடப் போயிருந்தவள் நான்தான். சாப்பாட்டு விஷயத்தை நான்தான் கேட்டுக்கொண்டேன், ஏனென்றால் மாடிக்கும் கீழுக்கும் சேர்த்து நான்தான் சமைக்கிறேன்.

“தக்காளி சேக்கக் கூடாதும்மா. டின் தக்காளி பக்கமே போகாதீங்க, அதுல உப்பும் சேந்து இருக்கு. கீரையும் வேண்டாம்னுதான் சொல்லணும். ரொம்ப ஆசப்பட்டா வாரத்துல ரெண்டு நாள், ஒரு கரண்டி. பொடியா நறுக்கி, நெறையத் தண்ணி வச்சு வேக வச்சு, அந்தத் தண்ணிய நல்லா வடிச்சுக் கொட்டிடுங்க. பொட்டாசியம் தண்ணியோட போயிடும்.”

நான் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவர் நான் கவனமாகக் கேட்கிறேன் என்று நினைத்து, மறுபடியும் சொன்னார். வடிச்சுக் கொட்டிடுங்க. பக்கத்து நாற்காலியில் அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் நான் முழுசாக நம்பினேன்.

புதன்கிழமையும் சனிக்கிழமையும் அவளுக்குக் கீரை. கொல்லைக் கதவைத் திறந்து வைத்து, மாடிப்படியில் இறங்கி வருகிறவள் கண்ணில் படுகிற நேரமாகப் பார்த்து வடிப்பேன். பச்சைத் தண்ணீர் தொட்டியில் விழும். “சத்தெல்லாம் மாட்டுக்குப் போவுதுக்கா, என்ன பண்றது?” என்று சொல்லிக்கொண்டே தட்டை வைப்பேன். அவள் குனிந்து சாப்பிடுவாள். ஒரு நாளும் பதில் பேசவில்லை. பதில் பேசாதது எனக்கு இன்னும் ருசித்தது.

இந்த ஆடியில் கொட்டகைக்குப் பின்னால் பழைய வாழையைத் தோண்டி எடுத்துவிட்டுப் புதுக் கன்று வைக்க ஆள் விட்டோம். எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் நான் செய்த இரண்டாவது தப்பு. அவள் கொல்லையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, இங்க டின்னு டின்னா வருது!” என்று மண்வெட்டிக்காரர் கத்தினார்.

முக்கால்வாசி மண்ணாகியிருந்தன. ஆனால் விளிம்புகளும் வளையம் வைத்த மூடிகளும் அப்படியே இருந்தன. அவள் எழுந்து போய் ஒரு மூடியை எடுத்து, புடவை முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சமையலறைக் கதவில் நின்றேன்.

“தொடவே இல்லன்னு சொன்னியே?”

நான் அந்தக் குழியைப் பார்த்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். மூச்சு வாங்கும்வரை சிரித்தாள். சிரித்துக்கொண்டே போனை எடுத்து, சென்னையில் வேலை பார்க்கிற என் மகளை வீடியோவில் கூப்பிட்டு, மூடியைக் காட்டினாள்.

“பாத்தியாடி? உன் ஒடம்புல ஓடுறது உங்கம்மா கீரை இல்ல. என் தக்காளி! திறந்து திறந்து ஊட்டிட்டு, தூக்கிப் போட்டுட்டேன்னு பொய் சொல்லியிருக்கா!”

“அப்படியாம்மா?” என்று என் மகள் போனுக்குள்ளிருந்து கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். என் கணவர் கொட்டகையிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, அன்றைக்குக் கூடத்தில் சிரித்த அதே சிரிப்பைச் சிரித்தார். பன்னிரண்டு வருஷம் கழித்தும் நான் அதே வாசற்படியில்தான் நின்றிருந்தேன், கையில் சாம்பார் வாளி மட்டும் இல்லை. எந்தப் பெண்ணை அவளிடமிருந்து காப்பாற்றினேனோ, அந்தப் பெண்ணில் பாதியை அவள் ஒரு துருப்பிடித்த மூடியைக் காட்டி எடுத்துக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. அரைக்கீரை வெந்துகொண்டிருந்தது. சட்டியைத் துணியால் பிடித்துத் தொட்டிக்கு எடுத்துக்கொண்டு போனேன். தட்டை வைத்து மூடிச் சாய்க்கப் போனபோது கை நின்றது. வடிக்காமல் கடைந்துவிட்டால்? பார்வைக்கு ஒரே கீரைதான். கூடவே கொல்லையில் பழுத்த நாட்டுத் தக்காளி இரண்டைப் பிசைந்துவிட்டால், சிவப்புத் தண்டுக்கீரை என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள் இல்லை, நாலு சனிக்கிழமை. யாருக்குத் தெரியப் போகிறது? இந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். மாடு தொட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு, ஏன் இன்னும் ஊற்றவில்லை என்று என்னைப் பார்த்தது.

வடித்தேன். மறுபடியும் வெந்நீர் ஊற்றி, இன்னொரு தடவையும் வடித்தேன். இதைக் கருணை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பயம் வந்துவிட்டது, அதுதான் உண்மை. அவள் போய்விட்டால் நான் யார்மேல் இவ்வளவு கோபமாக இருப்பது என்பதும் உண்மை.

தட்டில் ஒரு கரண்டி கீரை வைத்து அவள் முன்னால் கொண்டுபோனேன். அவள் சோற்றைப் பிசையவில்லை. கொல்லைக் கதவு அன்று மூடியிருந்தது, நான் வடித்ததை அவள் பார்க்கவில்லை. கீரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதல் நாள் சிரித்த அந்த வாய் காய்ந்திருந்தது.

“வடிச்சியா?” என்றாள்.

நான் அவசரப்படவில்லை. தண்ணீர்ச் சொம்பை நகர்த்தி வைத்தேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. நன்றாக, ஆற அமரப் பார்த்தேன்.

“வடிச்சிட்டேன்க்கா. சாப்பிடுங்க.”

அவள் சாப்பிட்டாள். அன்றிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் அவள் அதைக் கேட்காமல் கீரையில் கை வைப்பதில்லை. நான் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வடித்துவிடுகிறேன். கொல்லைக் கதவை மட்டும் இப்போதெல்லாம் திறந்து வைப்பதில்லை. கேட்டதும் பதில் சொல்வதும் இல்லை.